காற்றுக்கு வழி: ஸ்போர்ட்ஸ் காரின் இன்டேக்கையும் ரேடியேட்டர் ஷ்ரவுடையும் வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 11-ஆவது வளைவில் எங்கள் வண்டியின் வெப்பமானி முள் எழுந்து நின்றது. மே மாதம், பகல் 2 மணி. முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று நடை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு பானெட்டைத் திறந்தோம். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷ்ரவுடின் ஒரு காது ஒடிந்து, ஷ்ரவுடு இரண்டு விரல் அளவு விலகித் தொங்கியது. முன்பு எங்கோ பழுது பார்க்க விட்டபோது ஒடித்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் ஒரு பிளாஸ்டிக் பட்டையால் இழுத்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள். பட்டை சூட்டில் இற்று அறுந்துபோயிருந்தது.

வண்டி என் சித்தப்பா மகனுடையது. 2017-இல் பதிவான ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 5 லிட்டர், 8 சிலிண்டர். இந்தியாவில் அது விற்பனைக்கு வந்தது 2016-இல்தான். 2021-இல் அந்த நிறுவனம் இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் சிறு வேலைகளையாவது தாங்களே கற்றுக்கொள்வது நல்லது. “ஷ்ரவுடை மாற்றும்போதே இன்டேக்கையும் மாற்றிவிடலாம் அண்ணா” என்றான் தம்பி. இன்டேக் என்றால் வெளிக்காற்றை வடிகட்டி எஞ்சினுக்குள் கொண்டுபோகும் பெட்டியும் ஃபில்டரும் குழாயும். இரண்டையும் மாற்றினோம். இன்டேக்கை மட்டும் இரண்டு முறை மாற்றினோம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். கீழே இருப்பவை முன்பக்க எஞ்சின் உள்ள எந்தக் காருக்கும் பெரும்பாலும் பொருந்தும். போல்ட் இருக்கும் இடம் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும்.

பெயர்க் குழப்பம்

‘ரேடியேட்டர் ஷ்ரவுடு’ என்று கடையில் கேட்டால் இரண்டு வெவ்வேறு பொருள்களில் ஒன்றைத் தருவார்கள். ஒன்று, ரேடியேட்டரின் பின்முகத்தை மூடி, நடுவே விசிறிக்கு வட்டமாக ஓட்டை விட்ட பிளாஸ்டிக் கூடு. மெக்கானிக்குகள் இதை ஃபேன் கவர் என்பார்கள். மற்றொன்று, பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் மேல் தகடு. கிரில்லுக்கும் ரேடியேட்டரின் மேல் விளிம்புக்கும் இடையில் உள்ள பள்ளத்தை அது மூடுகிறது. பலர் இதை அழகுக்கு வைத்தது என்று நினைத்துக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டும் செய்வது ஒரே வேலைதான். காற்று சோம்பேறி. ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் நுழைவதைவிடப் பக்கத்தில் ஒரு சந்து கிடைத்தால் அதில் போய்விடும். மேல் தகடு, முன்னால் வரும் காற்று மேலே தப்பாமல் தடுக்கிறது. பின்கூடு, விசிறியின் இழுப்பை ரேடியேட்டர் முழுவதற்கும் பகிர்ந்துகொடுக்கிறது. கூடு இல்லாவிட்டால் விசிறி தன் வட்டத்துக்கு நேர் எதிரே உள்ள பரப்பிலிருந்து மட்டும் இழுக்கும். எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றையே இறக்கை நுனிகளைச் சுற்றித் திரும்பத் திரும்பக் கடையும். சேலத்திலிருந்து பெங்களூரு சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இந்தக் குறை தெரியாது, எதிர்க்காற்றே போதும். லாரிக்குப் பின்னால் மலை ஏறும்போதுதான் தெரியும்.

இன்டேக்கிலும் இதே கதைதான். அது எங்கிருந்து காற்றை எடுக்கிறது என்பதுதான் கேள்வி.

என்ன வாங்குவது

நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, பளபளக்கும் குழாயின் முனையில் கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தபடி மாட்டும் வகையை வாங்கினோம். சத்தம் பிரமாதம். தம்பி இரண்டு நாள் தெருவையே எழுப்பினான். பிறகு எஞ்சின் கணினியின் தகவல்களைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரைச் செருகி, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் பார்த்தேன். ஐந்து ரோடு சிக்னல் நெரிசலில், வெளியே 38 டிகிரி, குழாய்க்குள் 61. வெப்பம் 3 டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். அதாவது ஏறக்குறைய 7 சதவீதக் காற்றை இழந்து சத்தத்தை வாங்கியிருக்கிறோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஆகவே என் பரிந்துரை: நான்கு பக்கமும் மூடிய பெட்டியும், கிரில்லுக்கு அருகிலிருந்து வெளிக்காற்றை எடுக்கும் வாயும் உள்ள இன்டேக். வெப்பத் தடுப்புத் தகட்டோடு வருகிற பாதித் திறந்த வகையென்றால், பானெட்டை மூடியதும் தகட்டின் ரப்பர் விளிம்பு பானெட்டின் அடியில் படிய வேண்டும். படியாவிட்டால் தகடு இருந்தும் பயனில்லை. குதிரைத்திறன் பற்றிய விளம்பர எண்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறெதையும் மாற்றாமல் இன்டேக்கை மட்டும் மாற்றினால் கிடைப்பது சொற்பம்.

காற்றளவு சென்சார் உட்காரும் இடத்தில் புதிய குழாயின் உள்விட்டம் பழையதைப் போலவே இருக்கிறதா என்று காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். அந்த சென்சார் தன்னைத் தொட்டுப் போகும் காற்றைக் கொண்டுதான் மொத்தக் காற்றையும் கணக்கிடுகிறது. குழாய் அகன்றிருந்தால் கணக்கு பிசகும். கலப்பற்ற பெட்ரோல் 1 கிராம் எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். அந்த விகிதம் கெட்டால் வண்டி திணறும். ‘இந்த இன்டேக்குக்கு எஞ்சின் கணினியில் மென்பொருளை மாற்ற வேண்டும்’ என்று அட்டையில் எழுதியிருந்தால் புதியவர்கள் அதை வாங்காமல் இருப்பதே மேல்.

ஷ்ரவுடு, வண்டி நிறுவனத்தின் அசல் பாகமாகவே இருக்கட்டும். விசிறியின் நுனிக்கும் கூட்டின் வளையத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. நகல் பாகங்கள் கோணலாக வந்து உரசியதைப் பார்த்திருக்கிறேன்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அசலுக்கு நிகரான பாகத்தை மாற்றுவது வேறு, வண்டியின் தன்மையையே மாற்றுவது வேறு. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடமும் நேரமும்

இரவெல்லாம் நின்று ஆறிய வண்டி, விடியற்காலை 6 மணி, சமதளம். சேலத்தில் கோடை என்றால் 10 மணிக்கு மேல் பானெட்டைத் தொட முடியாது.

சித்தப்பா வீட்டுக்கு அருகிலேயே அவர்களுடைய ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. காயவைக்கும் களம் சிமெண்ட் தரை, கண்ணுக்கெட்டிய தூரம் சமம். அங்கேயே செய்யலாம் என்று தம்பி ஆசைப்பட்டான். நான் மறுத்துவிட்டேன். காற்று வீசினால் மாவு பறக்கும். சூரமங்கலம் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்களை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை. இன்டேக்கைக் கழற்றியதும் எஞ்சினின் தொண்டை திறந்து கிடக்கும். உள்ளே போகும் தூசி சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். கதவை இறக்கிவிட்ட ஷெட்தான் சரி. முந்தின நாளே முன்பக்கத்தைக் கழுவிக் காயவிடுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ராட்செட், 8, 10, 13 எண் சாக்கெட்டுகள், தட்டைத் திருப்புளி, நட்சத்திரத் தலைத் திருப்புளி, குறடு, கிளிப் நெம்பும் பிளாஸ்டிக் கரண்டி, பனியன் வேஸ்ட், ஒட்டுத்தாள். கூடவே ஒரு முட்டை அட்டை. அதன் 30 குழிகளில் கழற்றிய வரிசைப்படி போல்ட்டுகளைப் போட்டுக்கொண்டே வந்தால், பூட்டும்போது வரிசையைத் திருப்பி எடுத்தால் போதும். நாமக்கல் பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஊரில் முட்டை அட்டைக்குப் பஞ்சமே இல்லை.

கழற்றுதல்

ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. மின்விசிறி, சாவி அணைந்திருந்தாலும் திடீரெனச் சுற்றும். கைவிரல் உள்ளே இருக்கும் நேரத்தில் சுற்றினால் விரல் தப்பாது.

மேல் தகட்டில் தொடங்குங்கள். அதைப் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் கிளிப்புகள். நடுப்பொட்டைக் கரண்டியால் நெம்பி உயர்த்திய பிறகுதான் முழுக் கிளிப்பையும் இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் கால் ஒடியும். பத்து கிளிப் உதிரியாக வாங்கி வைத்திருங்கள். எப்படியும் இரண்டு மூன்று ஒடியும்.

அடுத்து இன்டேக். காற்றளவு சென்சாரின் கப்ளரில் (ஒயர் வந்து மாட்டும் இணைப்பில்) பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் ஒரு பூட்டு இருக்கும். அதைப் பின்னுக்கு நகர்த்திவிட்டுக் காதை அழுத்தி எடுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாட்டில் வரும் சிறிய மூச்சுக் குழாயையும் விடுவியுங்கள். த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) பக்கத்துக் கிளாம்பைத் தளர்த்தி, பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டை எடுத்து, மேல் நோக்கித் தூக்கினால் ரப்பர் புஷ்களிலிருந்து ‘டப்’ என்று விடுபடும். குழாய் வெளியே வந்த அந்த நொடியே த்ராட்டில் வாயைச் சுத்தமான பெரிய துணியால் போர்த்தி, சுற்றிலும் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். சிறு துணியை உள்ளே திணிக்காதீர்கள். திணித்ததை மறந்து எஞ்சினை முடுக்கியவர்கள் உண்டு.

இனி ஷ்ரவுடு. சில வண்டிகளில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் குறுக்கே போகும். அதை எடுக்க வேண்டுமென்றால் கூலண்ட்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, வடிக்க வேண்டும். சூடான நிலையில் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதும் தெரிந்தால் மறக்காது. மூடி 1 பார் அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளே தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 120 டிகிரி வேண்டும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும், கொதிநிலை சட்டென்று 100-க்கு இறங்கிவிடும். ஏற்காட்டின் உயரத்தில் 95-க்கு. அதுவரை அமைதியாக இருந்த நீர் அப்படியே பொங்கி முகத்தில் அடிக்கும்.

வடித்த கூலண்ட்டை மூடியுள்ள கேனில் பிடியுங்கள். இனிப்புச் சுவை உள்ள விஷம் அது. தெருநாய் நக்கினாலும் செத்துப்போகும், குழந்தைகளைச் சொல்லவே வேண்டாம்.

விசிறியின் கப்ளரைக் கழற்றி, ஷ்ரவுடில் செருகியிருக்கும் ஒயர்களையும் குழாய்களையும் ஒவ்வொன்றாக விடுவித்து, மேல் போல்ட்டுகளை எடுங்கள். தூக்குவதற்கு முன்னால் ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடையில் ஒரு அட்டையை இறக்குங்கள். ரேடியேட்டரின் தகடுகள் காகிதம் போன்றவை. ஷ்ரவுடின் மூலை உரசினால் வரிசையாக மடங்கிவிடும். நாங்கள் இளம்பிள்ளைச் சேலை வந்த பெட்டியின் அட்டையை வெட்டி இறக்கினோம். அளவெடுத்து வெட்டியதைப் போல உட்கார்ந்தது. பிறகு இருவர் இரு பக்கமும் பிடித்து, சற்றே எஞ்சின் பக்கம் சாய்த்து, நேர் மேலே தூக்க வேண்டும். எங்கேனும் தட்டினால் பலம் காட்டாதீர்கள். விடுவிக்க மறந்த ஒயர் ஒன்று நிச்சயம் இருக்கும்.

கூடு வெளியே வந்ததும் ரேடியேட்டரை டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பூச்சிகளின் சிறகுகள், காய்ந்த இலைத் துணுக்குகள், அதன்மேல் சேற்றுப் பூச்சு. கோணி விரித்ததைப் போல ஒரு படலம். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, தோட்டக் குழாயின் மெல்லிய தாரையால் கழுவினோம். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடுகள் படுத்துவிடும். முழுதாகக் காய அரை மணி நேரம் விடுங்கள்.

பூட்டுதல்

பழைய கூட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு காதையும் ஓட்டையையும் ஒப்பிடுங்கள். பிறகு விசிறி மோட்டாரை மாற்றிப் பொருத்தி, விரலால் சுற்றிவிடுங்கள். எங்கும் உரசாமல் சுற்றி நிற்க வேண்டும்.

பழைய கூட்டின் விளிம்பில் கறுப்பாக ஒரு பஞ்சுப் பட்டை ஒட்டியிருக்கும். அதைக் கையால் தொட்டால் பொடியாகும். புதிய கூட்டோடு அது வராமலும் போகலாம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எங்களோடு வந்து பார்த்துக்கொண்டிருந்த வயதான மெக்கானிக் ஒருவர், பஞ்சுப் பட்டை இல்லாமலே நாங்கள் கூட்டை இறக்கப் போனதைக் கண்டு கேட்டார்: “வாசலுக்குக் கதவு போட்டீர்கள் தம்பி, ஜன்னலைத் திறந்துவைத்தால் எப்படி?” ஓடிப்போய் 10 மில்லிமீட்டர் தடிமனில், சூட்டைத் தாங்கும், மூடிய நுரை வகைப் பட்டை வாங்கி வந்தோம். ரேடியேட்டரின் நான்கு விளிம்புகளிலும், மேல் தகட்டின் அடியிலும் ஒட்டினோம். இந்த முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவு அதுதான். மிக அதிகப் பலன் தந்ததும் அதுதான். புதிய இன்டேக்குக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கூட்டை இறக்கும்போது அடிக்காதுகள் தங்கள் பள்ளங்களில் உட்கார்ந்தனவா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாது. போல்ட் பிளாஸ்டிக்கில் ஏறுவதால் கை பலத்தில் இறுகிய பிறகு கால் சுற்று போதும். அட்டையை உருவ மறக்காதீர்கள்.

சென்சாரைப் பழைய குழாயிலிருந்து எடுத்துப் புதியதில் வைக்கும்போது, அதன்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். உள்ளே முடியைப் போன்ற கம்பி ஒன்று இருக்கும்; விரலோ துணியோ படக் கூடாது. அழுக்கானால் அதற்கென விற்கும் தெளிப்பானை மட்டும் பயன்படுத்துங்கள். எண்ணெய் தடவும் ஃபில்டர் என்றால் குறைவாகத் தடவுங்கள். மிகுதி எண்ணெய் இந்தக் கம்பியில்தான் போய்ப் படியும்.

குழாய், ஹோஸ், பெட்டி எல்லாவற்றையும் முதலில் தளர்வாகவே கோத்துவிடுங்கள். ஒன்றை இறுக்கிவிட்டு அடுத்ததைப் பொருத்தினால் கடைசித் துண்டு கோணிக்கொள்ளும். த்ராட்டில் வாயில் ஒட்டிய துணியை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் குழாயைச் செருகுங்கள். எல்லாம் நேராக நின்றதும் எஞ்சின் பக்கமிருந்து கிளாம்புகளை இறுக்கிக்கொண்டே வாருங்கள். சிலிக்கோன் ஹோஸ் பிதுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

பெட்டியின் மேல் எலுமிச்சை அளவு ஈரக் களிமண்ணை நான்கு இடத்தில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு பானெட்டை மெல்ல மூடித் திறங்கள். நசுங்கி நிற்கும் களிமண்ணின் உயரம்தான் பானெட்டுக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளி. எஞ்சின் துள்ளும்போது அசையும் என்பதால் ஒரு விரல் கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கூலண்ட்டைப் பொறுத்தவரை கையேட்டில் எழுதிய வகையையே வாங்குங்கள். நிறத்தை நம்பாதீர்கள், ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் விற்கிறார்கள். செறிவாக வாங்கினால் காய்ச்சி வடித்த நீரில் பாதிக்குப் பாதி. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முடுக்கிப் பார்த்தல்

பேட்டரியை இணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை முடுக்குங்கள். காற்றுக் குமிழ்கள் வெளியேறும்வரை கூலண்ட் மட்டம் இறங்கும். கையேடு சொல்லும் முறைப்படி நிரப்புங்கள். ஏசியைப் போட்டால் விசிறி சுற்றும். அப்போது கிரில்லுக்கு முன்னால் ஒரு தினமணித் தாளைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. தள்ளினால் விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது.

ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது, எஞ்சின் சுழற்சி ஏறி இறங்கினாலோ, ‘உஸ்’ என்று பாம்பு சீறுவதைப் போலக் கேட்டாலோ எங்கோ கிளாம்ப் சரியாக உட்காரவில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் காட்டும் எண்ணைப் பாருங்கள். பி0171, பி0174 என்றால் கலவையில் காற்று மிகுதி. சென்சாருக்குப் பின்னால் கணக்கில் வராத காற்று நுழைகிறது. பி0102 அல்லது பி0113 என்றால் பெரும்பாலும் கப்ளரை மாட்ட மறந்திருப்பீர்கள். எங்களுக்கு பி0113 வந்தது. மறந்தது தம்பிதான் என்பது என் நினைவு. அவன் வேறு மாதிரிச் சொல்வான்.

ஊருக்குள் ஒரு சுற்று, பிறகு வீட்டில் நிறுத்தி ஆறவைத்து, மட்டம் பார்த்து, மறுநாள் மலை. அடிவாரத்தில் நின்று வண்டிக்கு அடியில் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். மேலே ஏறும்போது சிறிய கியரில், எஞ்சின் சுழற்சி குறையாமல் போங்கள். பெரிய கியரில் திணறவிட்டால் சூடு ஏறும். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தியே பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் மேலே போனதும் கொஞ்சம் சோர்ந்தால் நீங்கள் பூட்டியதில் குறை என்று பதறாதீர்கள்.

எங்களுக்கு இந்த முறையும் ஒரு லாரி வாய்த்தது. 7-ஆவது வளைவு முதல் 15 வரை அதன் வாலைப் பிடித்தே ஏறினோம். விசிறி இரண்டு முறை ஓடி நின்றது. முள் நடுவிலிருந்து அசையவில்லை. மூடிய பெட்டியில் காற்றின் வெப்பம் வெளிக்காற்றைவிட 9 டிகிரிதான் கூடுதல். மேலே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்னும்வரை ஆறவிட்டு, பானெட்டைத் திறந்து எல்லாக் கிளாம்புகளையும் ஒரு முறை திருப்பிப் பார்த்தோம். சூடேறி ஆறிய சிலிக்கோன் தளர்ந்திருந்தது. த்ராட்டில் பக்கத்தில் இருந்த ஒன்று மட்டும் இன்னும் அரைச் சுற்று வாங்கியது.